பல் மருத்துவரின் துணைக்கரம்

கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த பழைய ஊர்களுள் ஒன்று பூதிகோட்டை. பூதி என்னும் சொல்லுக்குத் திருநீறு என்றும் சாம்பல் என்றும் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைதர் அலி பிறந்தது இவ்வூரில் என்பதால் இதற்குச் சரித்திரத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு இன்னொரு வகையிலும் இது அந்நியமான ஊர் அன்று. இதற்கு அருகிலேதான் கோலார் தங்கவயல் இருக்கிறது. வடஆர்க்காட்டிலிருந்தும் அதையொட்டிய பகுதிகளிலிருந்தும் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று, நான்கைந்து தலைமுறைகளாக வேரூன்றிய இடம் அது. சுற்றுப்புறக் கிராமங்களின் சந்தைகளில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிப்பதை அங்கே சென்றவர்கள் அறிவார்கள்.

அந்த வட்டாரத்து மக்களின் பற்களைப் பற்றியும், அவற்றைக் காப்பதற்கு எத்தகைய மனிதர்கள் தேவை என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். பல் மருத்துவர்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கருவியை எடுத்துக் கொடுக்கிறவர்களின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆயினும் சென்ற நூறாண்டுகளில் ஏழை எளியவர்களின் வாய்க்கு வைத்தியம் எட்டிய இடங்களிலெல்லாம், அது அவ்விரண்டாம் கரத்தின் வழியாகவே எட்டியிருக்கிறது.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. குச்சி கிடைக்காத இடத்தில் அடுப்புக் கரியும் சாம்பலும் செங்கற்பொடியும் பல் துலக்கப் பயன்பட்டன. கோலார்ப் பகுதியில் எத்தனை சாம்பல் கொண்டு தேய்த்தாலும் நீங்காத ஒரு பழுப்புக் கறை சிறுவர்களின் முன்பற்களில் காணப்படுவதுண்டு. துலக்காத சோம்பலால் வந்த கறை என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்வார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அன்று. அவர்கள் குடிக்கும் நீருடையது. நிலத்தடிப் பாறைகளிலிருந்து நீரில் கரையும் புளோரைடு என்னும் பொருள் அளவுக்கு மிஞ்சினால், ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேற்பூச்சு செம்மையாக அமையாது போகிறது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு நிறத் திட்டுக்களுடன் வெளிவந்து, நாளடைவில் பழுப்பேறுகிறது. சாம்பலும் செங்கற்பொடியும் கொண்டு அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சு தேயுமே தவிரக் கறை அகலாது.

இந்திய நாட்டில் இந்நோய் தெளிவாக இனம் காணப்பட்டது 1937ஆம் ஆண்டில். அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியில் நடுவயதிலேயே முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப இயலாதவர்களாகப் பலர் முடங்கிக் கிடந்தார்கள். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஷார்ட் என்பவரும் அவருடன் ஆராய்ந்த மருத்துவர்களும் அவர்களைச் சோதித்து, எலும்பு முடக்கத்துக்குக் காரணம் கிணற்று நீரிலுள்ள புளோரைடே என்று வெளியிட்டார்கள். பிற்காலத்தில் நாட்டின் வேறு பல மாவட்டங்களிலும் இக்கேடு காணப்பட்டது. கர்நாடகத்தில் கோலார் அவற்றுள் ஒன்று. மழை குறைந்து, ஏரிகள் வறண்டு, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய பிறகு அங்கே இத்தொல்லை மேலும் வலுத்தது. குடிநீர் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தரநிர்ணயமும் வகுத்திருக்கும் எல்லை.

எலும்பு முடங்குவதற்குப் பல்லாண்டுகள் பிடிக்கும். பல்லோ ஆறேழு வயதிலேயே செய்தியைச் சொல்லிவிடுகிறது. ஒரு பள்ளியில் முன்பல் முளைத்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொண்டால், எந்தத் தெருவின் எந்தக் குழாய் கெட்டது என்பதை ஊகித்துவிடலாம். கறையின் கடுமையைப் படிப்படியாக வகுத்துக் குறிப்பதற்கு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டிரெண்ட்லி டீன் என்பவர் 1930களிலேயே ஓர் அளவுகோலை அமைத்துவிட்டார். ஆயிரம் வாய்களைப் பொறுமையாகப் பார்த்துப் பிழையின்றி எழுதவும், சாம்பலை விட்டுவிடும்படியும் நீரை மாற்றும்படியும் தாய்மாருக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆள் ஐந்தாண்டு படித்துப் பட்டம் பெற்ற அறுவை வைத்தியராகவே இருக்கவேண்டுமா? இந்த வினாவை உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுப்பி, பலவாறு விடை கண்டிருக்கிறது.

முதல் விடை ஒரு ஜன்னல் பலகையில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1885ஆம் ஆண்டில் தம் வைத்தியசாலைக்கு ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். அக்காலத்தில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் கணவனோ தோழியோ துணைவராமல் ஓர் ஆடவரின் வைத்தியசாலைக்குள் நுழையத் தயங்கினார்கள். 'உள்ளே பணிப்பெண் இருக்கிறார்' என்ற கருத்துப்பட ஜன்னலில் ஓர் அறிவிப்பு வைக்கப்பட்டதும் அந்தத் தயக்கம் நீங்கியது. துணைக்கு நின்ற பெண் சிறிது சிறிதாகக் கருவிகளைக் கழுவவும், மருந்தைக் குழைக்கவும், கணக்கெழுதவும் கற்றார். பல் மருத்துவ உதவியாளர் என்ற தொழிலுக்கு இதையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதே கெல்ஸ், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டவுடன் அதைப் பல் வைத்தியத்துக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். கதிர்களின் தீங்கை எவரும் அறியாத காலமாதலால், படத்தகட்டைத் தம் விரல்களாலேயே பிடித்து வந்து, கையில் புற்றுநோய் கண்டு, பல அறுவைகளுக்கு ஆளாகி 1928இல் மாண்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது உதவியாளர் தடுப்புக்கு அப்பால் நிற்கவேண்டும் என்று இன்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லப்படும் விதிக்குப் பின்னால் இத்தகைய துயரங்கள் உண்டு.

இரண்டாம் விடை கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தது. பற்சொத்தையை அடைத்துக்கொண்டே இருப்பதைவிட, அது வராமல் தடுப்பதே மேல் என்று கருதிய ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற மருத்துவர், தம் உறவினரும் உதவியாளருமான ஐரீன் நியூமனுக்கு 1906இல் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் கற்பித்தார். 1913ஆம் ஆண்டு நவம்பரில் தம் வண்டிக் கொட்டகையையே பள்ளியாக மாற்றி வகுப்புத் தொடங்கினார். மறு ஆண்டில் 27 பெண்கள் தேறினார்கள். பலர் அந்நகரத்துப் பள்ளிகளுக்கே சென்று குழந்தைகளின் பற்களைத் துப்புரவு செய்து, துலக்கும் முறையையும் கற்பித்தார்கள். வாய்ச் சுகாதாரப் பணியாளராகிய 'ஹைஜீனிஸ்ட்' என்ற பெயர் ஃபோன்ஸ் இட்டதே. நாற்காலிப் பக்கத்தில் நிற்கும் உதவியாளர்களுக்கென்று ஜூலியட் சதர்ட் என்ற பெண்மணி முனைந்து நின்று அமெரிக்க அளவில் ஒரு சங்கத்தை 1924இல் அமைத்தார். பல்லைச் சுத்தம் செய்பவர், பக்கத்தில் நின்று உதவுபவர் என்ற இரு கிளைகளும் இவ்வாறு தனித்தனியே வளர்ந்தன.

மூன்றாம் விடை துணிச்சலானது. முதல் உலகப் போருக்குச் சேர்ந்த வீரர்களின் சொத்தைப் பற்களைக் கண்டு நியூசிலாந்து நாடு திகைத்தது. தாமஸ் ஹண்டர் என்பவரின் முயற்சியால் 1921இல் வெலிங்டன் நகரில் பள்ளிப் பல்-செவிலியருக்கான பயிற்சி தொடங்கியது. இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் பள்ளிக்கூட வளவிலேயே அமைந்த சிறு அறைகளில், காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவியைக் கொண்டு குழந்தைகளின் பற்களை அடைத்தார்கள், பால்பற்களைப் பிடுங்கினார்கள். மருத்துவர் மட்டுமே செய்யத்தக்க பணி இது என்று எதிர்ப்பு எழாமல் இல்லை. வலி கண்ட பிள்ளைகளோ அந்த அறைக்குக் 'கொலைவீடு' என்றே பெயர் சூட்டினார்கள். ஆயினும் அத்திட்டம் நிலைத்தது. கடல் கடந்தும் பரவியது. மலேயாவில் பினாங்கு நகரில் 1949இல் இதே மாதிரியில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் பிள்ளைகள் வாயைத் திறந்து காட்டியது அந்த வழியில் வந்த செவிலியரிடமே. இலங்கையிலும் 1950களில் மகரகமையில் பள்ளிப் பல்-செவிலியருக்குப் பயிற்சி அளிக்கப்படலாயிற்று.

இந்தியா என்ன செய்தது? அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதை நடத்துவதற்கான பணத்தை ஒரு சோடாக் கடையின் வருவாயிலிருந்து எடுத்தார் என்பது அவர் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அவருடைய முயற்சியால் வங்காளத்தில் 1939இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. தெருவோரத்தில் துணி விரித்துப் பல் பிடுங்குபவருக்கும் கல்லூரியில் பயின்றவருக்கும் வேறுபாடு காட்ட வேண்டும் என்பதே அன்றைய கவலை. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் தகுதி பெற்ற பல் மருத்துவர்கள் ஏறக்குறைய 1000 பேரே, அதாவது 3 லட்சம் மக்களுக்கு ஒருவரே என்று கணக்கிட்டது.

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், மத்திய சர்க்கார் பல் மருத்துவர் சட்டத்தை இயற்றியது. 1949இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. அச்சட்டம் மருத்துவரைத் தவிர இருவரைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. பல்லைச் சுரண்டித் துடைத்து மெருகிடுபவரும், வாய்ச் சுகாதாரத்தைக் கற்பிப்பவருமான ஹைஜீனிஸ்ட் ஒருவர். செயற்கைப் பல் வரிசையைச் செய்து பழுது பார்க்கும் மெக்கானிக் மற்றவர். இருவருக்கும் தனித்தனிப் பதிவேடுகள் வைக்கப்பட்டன. நியூசிலாந்து வழியை நம் நாடு மேற்கொள்ளவில்லை. அடைப்பதும் பிடுங்குவதும் மருத்துவருக்கே உரியனவாக நின்றன. நாற்காலிப் பக்கத்தில் நின்று நாள் முழுவதும் உதவும் மூன்றாமவருக்கோ சட்டத்தில் பெயரே இல்லை. பெயரில்லாதவருக்குப் பாடத்திட்டம் ஏது? தேர்வு ஏது? மருத்துவர் சொல்லிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்துக் கற்பதே அவருக்குக் கல்வியாயிற்று.

இந்நிலையில் கருவிகள் மாறின. 1957இல் ஜான் போர்டன் என்ற அமெரிக்க மருத்துவர், காற்று விசையால் மிக விரைவாகச் சுழலும் துளைக்கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய கருவியால் நெடுநேரம் அரைத்த பல்லை இது சில நிமிடங்களில் துளைத்தது. ஆனால் அவ்வேகத்தில் பல் சுட்டுப் போகாமலிருக்க நீரைப் பீச்சிக்கொண்டே இருக்கவேண்டும். நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலியும் அதே காலத்தில் வழக்கத்துக்கு வந்தமையால், வாயில் தேங்கும் நீரை உறிஞ்சி எடுக்க இன்னொருவர் அவசியமானார். நின்றுகொண்டு தனியே உழைத்த மருத்துவர் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்தில் உதவியாளர் உட்கார்ந்தார். நான்கு கைகள் சேர்ந்து செய்யும் பல் வைத்தியம் என்று இதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 1960களில் அமெரிக்க மத்திய அரசு, உதவியாளரோடு சேர்ந்து வேலை செய்யும் முறையை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே கல்லூரிகளுக்குப் பணம் வழங்கிற்று. அந்நாட்டில் இன்று பல் மருத்துவர்களைக் காட்டிலும் உதவியாளர்களின் எண்ணிக்கையே மிகுதி.

அப்பயிற்சியில் என்ன கற்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நிலைப்பற்கள் 32, பால்பற்கள் 20 என்பதில் தொடங்கி, ஒவ்வொரு பல்லையும் இரண்டு இலக்கங்களால் குறிக்கும் முறையைக் கற்கிறார்கள். மருத்துவர் எண்ணைச் சொன்னவுடன் பிழையின்றி எழுதவேண்டும். எண் பிழைத்தால் நல்ல பல் போய்விடும். சிமெண்டைக் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் சிறிது சிறிதாகவே குழைக்கவேண்டும். பொடியை மொத்தமாகக் கொட்டினால் சூடேறி, பல்லில் வைப்பதற்குள் இறுகிவிடும். வெள்ளியும் பாதரசமும் கலந்த அடைப்பின் மிச்சத்தைக் கண்ட இடத்தில் எறிதல் ஆகாது. மரப்பு ஊசிக்குப் பின் நோயாளி முகம் வெளுத்து வியர்த்தால், உடனே அவரைத் தட்டையாகப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மருத்துவரின் கண் பல்லில் இருக்கும்போது நோயாளியின் முகத்தில் இருக்கவேண்டிய கண் உதவியாளருடையது.

இவை எல்லாவற்றிலும் தலையாயது கருவிகளைக் கிருமியற்றவை ஆக்குவது. கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும் என்று முன்னர் எண்ணியிருந்தார்கள். மஞ்சட்காமாலையின் ஒரு வகையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும், 1980களில் எய்ட்ஸ் நோயும் அவ்வெண்ணத்தை மாற்றின. முதலில் கருவியில் ஒட்டிய இரத்தத்தைக் கழுவித் துடைக்கவேண்டும். பிறகு ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பெட்டியில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமோ, 134 பாகையில் 3 நிமிடமோ குறைவின்றி வைக்கவேண்டும். கழுவாமல் வைத்தால் காய்ந்த இரத்தத்தின் அடியில் கிருமி பிழைத்துவிடும். ஒரு வைத்தியசாலையில் மருத்துவரின் திறமை எவ்வளவு உயர்ந்ததாயினும், அங்கு வருபவரின் உயிர்ப் பாதுகாப்பு பின்னறையில் இதைச் செய்பவரின் நேர்மையில்தான் இருக்கிறது. அந்தப் பணியைச் செய்கிறவர் தம் விரலிலேயே ஊசி குத்திக்கொள்ளும் அபாயமும் உண்டு. அவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்கவேண்டும் என்பது பயிற்சியின் முதல் விதி. பயிற்சியே இல்லாமல் வேலைக்கு வந்தவருக்கு அந்த விதியை யார் சொல்வார்கள்?

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை அங்கே மேற்கொண்ட காலம் முதல், நம்மவர்கள் கற்ற தொழில்கள் பல. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்தது. இயந்திரங்களை இயக்கக் கற்றார்கள். சாம்பியன் ரீஃப் மருத்துவமனையின் பணிகளில் அமர்ந்தவர்களும் உண்டு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயை 1940களில் விரிவாக ஆராய்ந்ததும் இச்சுரங்கங்களிலேதான். காணாத தூசியிலும் தெளிந்த நீரிலும் கேடு மறைந்திருக்கக் கூடும் என்ற பாடத்தை அந்த மண்ணைவிட நன்கு அறிந்த மண் வேறில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தாத்தாவின் தொழில் பேரனுக்கு இல்லை என்றாயிற்று. ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பலானார்கள். தங்கவயலின் பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. பூதிகோட்டையைப் போன்ற கிராமத்தவருக்குப் பட்டணம் போகாமலே பல் மருத்துவரைக் காணும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது.

மருத்துவரைக் காண்பது வேறு, அவர் சொல்வதைப் புரிந்துகொள்வது வேறு. வெளியூரிலிருந்து வந்து படிக்கும் இளம் மருத்துவர் ஆங்கிலத்திலும் தம் தாய்மொழியிலும் சிந்திக்கிறார். கிழவி தெலுங்கில் வலியைச் சொல்கிறாள். அவள் பேத்தி தமிழில் விளக்குகிறாள். இருவருக்கும் நடுவே அவ்வட்டாரத்தில் பிறந்த உதவியாளர் ஒருவர் இருந்தால்தான் மருத்துவம் நடைபெறும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. பல் 'கூசுகிறது' என்பதும் 'குடைகிறது' என்பதும் ஒன்றல்ல. முன்னது தேய்வைக் குறிக்கலாம், பின்னது நரம்பு வரை சென்ற சொத்தையைக் குறிக்கலாம். இவ்வேறுபாட்டை அறிந்து சொல்பவர் நோயைக் கண்டறிவதில் பாதி உதவி செய்துவிடுகிறார். நான்கு மொழிகள் பேசும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே கிடைத்த மூலதனம்.

இன்று இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். 3 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற காலம் மலையேறிவிட்டது. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஹைஜீனிஸ்டுகளும் மெக்கானிக்குகளும் பயிற்சி பெற்றாலும், நாடு முழுவதும் அவர்களின் தொகை மருத்துவர்களின் தொகையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை. நாற்காலிப் பக்க உதவியாளருக்கும் பிற்காலத்தில் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2023இல் நிறைவேற்றியிருக்கிறது. எனினும் சிறு நகரங்களின் தனியார் வைத்தியசாலைகளில் உதவிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் பார்த்துக் கற்றவர்களே. பத்தாண்டு வேலை செய்தபின்னும் கையில் ஒரு சான்றிதழ் இராது. ஊர் மாறினால் மீண்டும் கூட்டிப் பெருக்குவதிலிருந்து தொடங்கவேண்டும். ஊர் மாறி வாழ்வதே நம் வாழ்க்கையாகிவிட்ட நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண்ணோ பிள்ளையோ பல் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு வேறு சிலவற்றையும் கேட்கவேண்டும். முறையான பயிற்சி உண்டா, தேர்வின் முடிவில் சான்றிதழ் கிடைக்குமா, தடுப்பூசி போடப்படுமா, எக்ஸ்ரே அறையில் தடுப்பு இருக்கிறதா? இவற்றைக் கேட்பது பணிவின்மை ஆகாது. கெல்ஸின் விரல்களும், சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலும் கேட்கத் தவறிய கேள்விகள் இவை. பயிற்சி பெற்ற அந்தப் பெண் ஒருநாள் தன் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, பழுப்புப் பல் தெரிகிறதே என்று வாயைப் பொத்திச் சிரிக்கும் சிறுமியிடம், "இது உன் குற்றமில்லையம்மா, உங்கள் தெருக் குழாயின் குற்றம்" என்று சொல்லி, குழாயின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவாளாயின், அந்தச் சிறுமியின் தம்பிக்கேனும் வெண்பல் முளைக்கும்.